குழி வீடு

குண்டு நடுவில்தான் நின்றது. இப்போதும் நடுவில்தான். வேறு எங்கே போகப்போகிறது என்று சுந்தரவல்லிக்குக் கடுப்பாக வந்தது. ஃபேன் மாட்டியிருந்த கொக்கியிலிருந்து நூலில் தொங்குகிற தூக்குக் குண்டு, அதற்கு நேர் கீழே தரையில் மேஸ்திரி முனிரத்தினம் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அவள், அவள் தலையில் அப்பாவின் ஹெல்மெட். வீட்டைத் தூக்குகிறார்கள். சாமான்களை எல்லாம் எதிர் ஃப்ளாட்டின் ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு, சுவருக்கு அடியில் நூற்றுப் பன்னிரண்டு ஜாக்கிகளைக் கொடுத்து, ஒரு விசிலுக்குக் கால் சுற்று என்று ஆறு நாளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். லாரிக்கு டயர் மாற்றும்போது கொடுப்பார்களே, அதே ஜாக்கிதான். சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் மேலே போகும். தரை மட்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும், அதைப் பிறகு மண் கொட்டி நிரப்பிக்கொள்ளலாம். ஆக வீடு போகிறது, இவள் போகவில்லை. குண்டு குறியைவிட்டு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விலகினாலும் எங்கேயோ ஒரு மூலை முந்திக்கொண்டது என்று அர்த்தம், சுவர் வாயைப் பிளந்துவிடும், உடனே கத்த வேண்டும். "கண்ண எடுக்கக் கூடாது பாப்பா. ஃபோன நோண்டக் கூடாது. என் ஆளுங்கள உள்ள வச்சா உக்காந்த வாக்குல தூங்கிடுவானுங்க. நீ பொய் சொல்ல மாட்டேன்னு உங்கப்பா சொன்னாரு, அதான் உன்னைய வச்சிருக்கேன்" என்று மேஸ்திரி காலையில் சொல்லியிருந்தார். பொய் சொல்ல மாட்டாள். அப்பா அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்றுதான் அப்போதிலிருந்து அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெருமையாகவா, வேறு மாதிரியா. இந்த வீட்டில் இரண்டரை வருஷமாக யாரும் சொல்லாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்கிற மாதிரியா.

விசில். வெளியே ஆட்கள் மூச்சைப் பிடித்தார்கள், நூற்றுப் பன்னிரண்டு ஜாக்கியும் ஒரே சமயத்தில் கால் சுற்று திரும்பின, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல வீடு நறநறத்தது. கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு ஹெல்மெட்டில் உதிர்ந்தது. குண்டு ஒரு மயிரிழை மேலே போயிற்று, நடுவில்தான் நின்றது. பிறகு அமைதி. திருமுருகன் நகரில் மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கிற அமைதி தனி ரகம். பில்டர்கள் அச்சடிக்கிற நோட்டீஸில் எல்லாம் முதல் வரியே 'அமைதியான குடியிருப்புப் பகுதி' என்றுதான் இருக்கும். அமைதி என்றால் பேச ஆள் இல்லை என்று அர்த்தம், அதை யாரும் எழுத மாட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் கலிபோர்னியாவிலும் பெங்களூரிலும், பெரியவர்கள் எல்லாம் ஏ.சி. ரூமில், நாய்கள் எல்லாம் கார்களுக்கு அடியில். விடியற்காலை ஐந்தரைக்கு மட்டும் இந்த ஊருக்கு உயிர் வரும். வாக்கிங் போகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் பையும் கொக்கி வைத்த கம்புமாக வந்து, அடுத்தவன் காம்பவுண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் சத்தமில்லாமல் பறித்துக்கொண்டு போவார்கள். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்கூடத் திருடுவார். அந்தப் பூவைச் சாமிக்குப் போட்டுவிட்டு அவர் சாமியிடம் என்ன கேட்பார் என்று யோசித்து அக்காவும் அவளும் ஒருநாள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஜன்னல் இப்போது மேலே போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அதில் வேப்பங்கிளையும் வானமும்தான் தெரிகின்றன.

முன்பெல்லாம் அந்த ஜன்னலில் தெரிந்தது கால்கள். ரோடு இரண்டரை அடி உயரத்தில், வீடு இரண்டரை அடி பள்ளத்தில். ஹாலில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, முட்டிக்குக் கீழேதான் தெரியும். சின்ன வயதிலிருந்து அவள் இந்தத் தெருவை அப்படித்தான் படித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, பதினோராம் வகுப்போடு போதும் என்று வந்தும் விட்டாள், ஆனால் கால்கள் மறக்கவில்லை. மூன்றாம் மாடி ருக்மணி ஆன்ட்டி கட்டை விரலை மட்டும் தரையில் அழுத்த மாட்டார், கால் ஆணி. மீன்காரருக்கு வலது பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும். கூரியர் பையன்களுக்கு எப்போதும் ஷூ, எப்போதும் அவசரம். நல்லவேளையாக இப்போதும் கால்கள் போய்விடவில்லை. முன்பக்கச் சுவருக்கு அடியில் இன்னும் செங்கல் கட்டவில்லை. ஜாக்கிகளுக்கு நடுவே, ரோட்டுக்கும் சுவரின் அடிப்பாகத்துக்கும் இடையில், அரை அடிக்கு ஒரு சந்து. வீதியின் பாதங்கள் மட்டும் தெரிகிற மாதிரி யாரோ அளவெடுத்து வெட்டியதுபோல. குண்டைப் பார்க்க வேண்டும். குண்டுக்குப் பின்னால் நேராக அந்தச் சந்து. குண்டைப் பார்த்தால் சந்து மங்கலாகத் தெரியும், சந்தைப் பார்த்தால் குண்டு இரண்டாகத் தெரியும். டிரான்ஸ்பார்மர் பக்கம் யாரோ ரொம்ப நேரமாக நிற்கிறார்கள், கம்பத்தின் சிமென்ட் கட்டையில் பாதி மறைந்து. வேடிக்கை பார்க்கிறவர்கள். ஆறு நாளாக அதுதான், வீட்டைத் தூக்குவதைப் பார்க்கப் பக்கத்து நகரிலிருந்தெல்லாம் வந்து நிற்கிறார்கள், கையில் பொரிகடலை இல்லாததுதான் குறை. அக்காவின் கால் அது இல்லை. அக்காவுக்கு இரண்டாவது விரல் கட்டை விரலைவிட நீளம். அப்படி இருந்தால் புருஷனை ஆட்டி வைப்பாள் என்று அம்மா சொல்வாள். அக்கா காலை நீட்டி விரலை ஆட்டிக் காட்டுவாள். "வரட்டும், ஆட்டுறேன்."

குண்டு. நடுவில்தான்.

இந்தப் பள்ளத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால் அம்மா ரோடு போட்டவனைச் சொல்வாள், ருக்மணி ஆன்ட்டி மழையைச் சொல்வார், ஆனால் காரணம் அப்பாதான். அதை அவள் ஒருமுறை சாப்பிடும்போது சொல்லிவிட்டாள், அப்பா தட்டோடு எழுந்து போய்விட்டார். இந்த இடமெல்லாம் ஏரிப் பாசன வயல். வெள்ளைக் கல் நட்டு மனை போட்டபோது அப்பாதான் நான்காவது குறுக்குத் தெருவில் முதல் வீடு கட்டினார், மூன்று பக்கமும் கோரைப் புல்லும் தவளையும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தணிகாசலம் எதற்குப் போய்க் காட்டில் வீடு கட்டுகிறார் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். கேஸ் சிலிண்டரை மெயின் ரோட்டிலிருந்து சைக்கிளில் தள்ளிக்கொண்டு வருவாராம், மழை பெய்தால் பேன்ட்டை முட்டிவரை மடித்துச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டூட்டிக்குப் போவாராம். அந்தச் சேற்றின் மேல் அவருக்குத் தீராத கோபம். அதனால் வீட்டை வயலிலிருந்து ஐந்து படி உயரத்தில் கட்டினார். ஐந்து படி. அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா மேல்படியில் நிற்கிற ஒரு போட்டோ இருக்கிறது, ஏதோ கோயில் வாசல் மாதிரி. பிறகு வீடுகள் வந்தன, குடியிருப்போர் சங்கம் வந்தது, அப்பா செயலாளர் ஆனார், மனு மனுவாக எழுதி ரோடு கொண்டுவந்தார். முதல் தடவை ஜல்லியும் தாரும் வந்தபோது இரண்டு படி போயிற்று. இரண்டாவது தடவை வந்தபோது சுந்தரவல்லிக்கு ஐந்து வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்பா லீவு போட்டுவிட்டு ரோட்டுக்காரர்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துக் கூடவே நின்றார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும். சுரண்ட அரை நாள் ஆகும், மழை வருகிற மாதிரி இருக்கிறது, மெஷின் வேறு தெருவுக்குப் போய்விடும் என்றார்கள். அப்பா பதறிவிட்டார். "சுரண்டெல்லாம் வேணாம்பா, அப்படியே மேல போடுங்க. நம்ம தெருவுக்கு மட்டும் கொஞ்சம் தடிமனா போடுங்க" என்று அவரே சொன்னார். போட்டார்கள். சாயந்திரம் தெருமுனையில் நின்று, மற்ற தெருவெல்லாம் கீழே கிடக்க நம் தெரு எப்படி உயர்ந்து நிற்கிறது பார் என்று அக்காவுக்கும் அவளுக்கும் காட்டினார். அன்றைக்கு மீதி மூன்று படியும் போயின. மூன்றாவது தடவை போட்டபோது வீட்டுக்குள் இறங்குவதற்கு நான்கு படி கட்ட வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் தண்ணீர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பீரோவின் இரண்டாம் தட்டில் நின்றது. அதற்குப் பிறகு தெருப் பிள்ளைகள் இவளைக் குழி வீட்டுப் பொண்ணு என்றார்கள். பேர் வேறு சுந்தரவல்லி. திருத்தணி முருகன்மேல் உள்ள பக்தியில் மூத்தவளுக்கு அமுதவல்லி, இளையவளுக்கு சுந்தரவல்லி. வகுப்பில் ஒரு ஹர்ஷிதா, இரண்டு ரக்‌ஷனா, நடுவில் ஒரு சுந்தரவல்லி, டீச்சரே ஒரு தடவை "உங்க அம்மா பேரக் கேக்கல, உன் பேரச் சொல்லு" என்றார். அமுதா மட்டும்தான் அந்தப் பேரைச் சுருக்கி நல்லதாக்கினாள். சுந்து. இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

விசில். நறநற. சுவரில் எங்கேயோ டொக் என்றது. குண்டு நடுங்கியது, நின்றது, குறியின்மேல்தான். கூரை விழுந்தால் ஹெல்மெட் என்ன செய்யும். ஆனால் அப்பா காலையில் அதை அவள் மடியில் வைத்துவிட்டு "போட்டுக்க, நான் இன்னைக்கு பஸ்ல போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தினம் ஐம்பது அடி உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னர்களைத் தூக்கி வைக்கிறவர், சொந்த வீட்டைத் தூக்குவதைப் பார்க்க முடியாமல் ஆறு நாளும் டூட்டிக்கு ஓடுகிறார். அம்மா அதற்கும் மேல், முதல் ஜாக்கி வந்த அன்றே அரக்கோணத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். "கீழ விழுந்தா ஃபோன் பண்ணு, விழலைன்னாலும் பண்ணு" என்று போகும்போது சொன்னாள். இதற்குப் பேசாமல் பில்டருக்குக் கொடுத்திருக்கலாம். எதிரே சபேசன் சார் வீட்டைக் கொடுக்கவில்லையா, மாமரமும் ஊஞ்சலும் போய், கீழே கார் நிறுத்தி மேலே ஒன்பது ஃப்ளாட், ஒன்பது குப்பைத் தொட்டி, ஒரு தூங்குகிற வாட்ச்மேன். மூன்று பில்டர்கள் வந்து ஹாலில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர் நல்ல மாதிரி, இரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருங்கள், திரும்பி வரும்போது இரண்டாவது மாடியில் கிழக்குப் பார்த்த ஃப்ளாட் என்றார். அப்பா, "கதவு இருந்த எடத்துல கதவு இருக்கணும் சார்" என்றார். அவ்வளவுதான். அம்மா அன்றைக்கு முழுக்க, "பிடிவாதம், ரத்தத்திலயே பிடிவாதம்" என்று சமையலறையில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லிக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. இப்போது, இந்த நாற்காலியில், கதவு மட்டும் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்து எங்கேயோ மாட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் வீடே இல்லாமல் இருக்கும். அந்த இரண்டு வருஷத்தில் யாராவது வந்தால். வந்து, தகரத் தடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால். ச்சே, அப்பா அதையெல்லாம் நினைக்கிற ஆளா.

வலது கைப்பக்கம், கழுவுகிற தொட்டிக்கு மேலே, கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில், சுவரில் ஏழு ஸ்டிக்கர் பொட்டுகள். கரும் சிவப்பு, சின்னது. முகம் கழுவும்போது அமுதா பொட்டை எடுத்து அப்படியே சுவரில் ஒட்டுவாள், மறுபடி எடுக்க மறந்து புதுசு வைப்பாள். கண்ணாடியைக் கழற்றி ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனார்கள், பொட்டுகளை யாரும் கொண்டுபோகவில்லை. முதல் நாள் அவை சுந்தரவல்லியின் கண்ணுக்கு நேராக இருந்தன. நாளைக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் நெற்றிக்கு மேல். அப்புறம் கை நீட்டினால் எட்டும். நேற்று எட்டவில்லை. முக்காலி போட்டு எடுக்கலாம்தான், ஆனால் முக்காலி போட்டு எடுத்தால் அது திருட்டு மாதிரி, அந்தத் தாசில்தார் மாதிரி. ஏழும் மேலே போய்க்கொண்டிருக்கின்றன. வாட்டர் ஃபில்டரும் அந்தச் சுவரில்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஃபில்டர் மாற்ற ஜோயல் வருவான், ஷூவை ரோட்டிலேயே கழற்றிவிட்டு, படி இறங்கும்போது தலை இடிக்காமல் குனிந்து. அவன் விற்கிற பொருளைவிடப் பேச்சு சுத்தம். அப்பாவே அவனை "வா தம்பி" என்பார், மோர் கொடுக்கச் சொல்வார், இந்த ஏரியா போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இரண்டு பேரும் அரைமணி பேசுவார்கள். அந்த வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருதரம் என்பது மாதம் ஒருதரம் ஆயிற்று, பிறகு பதினைந்து நாள். இந்த வீட்டுத் தண்ணீர் அவ்வளவு மோசமா என்று யாருமே கேட்கவில்லை. கால்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவளுக்கு மட்டும் தெரிந்தது. அவன் சாக்ஸ் ஒவ்வொரு தடவையும் புதுசாக இருந்தது.

விசில் வரவில்லை. வெளியே பப்லு என்கிற ஜார்க்கண்ட் பையன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். "பாப்பா, நூல் எப்படி?" என்று மேஸ்திரியின் குரல். "நடுவுலதான்." "பாத்தியா, பாக்காமச் சொல்றியா?" "பாத்துட்டுதான் சொல்றேன், நான் என்ன பரிட்சையா எழுதுறேன்." "வாய் நீளம். இன்னும் ஒண்ணரை அங்குலம், முடிஞ்சிது. முடியிற வரைக்கும் யாரும் உள்ள வரவும் கூடாது, வெளிய போகவும் கூடாது, தெரியும்ல." எதிர் மாடியிலிருந்து ருக்மணி ஆன்ட்டி, "சுந்தரி, சுவரு ஏதாவது விரிசல் விட்டுதா?" என்று ஆர்வமாகக் கேட்டார். "இல்ல ஆன்ட்டி, விட்டா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்." மேலே ஜன்னல் சாத்துகிற சத்தம். பொய் சொல்லத் தெரியாத வாய். இந்த வாயால்தான் எல்லாம். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், அவளுக்குப் பதினான்கு முடிந்து சில நாள். காலையில் அமுதா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, இவள் ஜடையைப் பின்னிவிட்டுக்கொண்டே, "சாயந்திரம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத சுந்து. சாயந்திரம் நாங்க ரெண்டு பேரும் வர்றோம், நானே அப்பாகிட்ட சொல்லிக்கிறேன், கால்ல விழுறேன், என்ன வேணா பண்றேன். ஆனா நான் சொல்லணும்" என்றாள். இவள் தலையாட்டினாள். சத்தியம் எதுவும் இல்லை, தலையைத்தான் ஆட்டினாள். மதியம் அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் அப்பா நைட் ஷிப்ட் தூக்கம் கலைந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். இதே இடம், இந்தக் குறி இருக்கிற இடம். "அக்கா எங்க போயிருக்கா?" சும்மாதான் கேட்டார், காபி கேட்கிற மாதிரி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது. நான்கு எழுத்து. டைலரிடம், தோழி வீட்டுக்கு, ஜெராக்ஸ் எடுக்க. ஒன்றுமே வாயில் வரவில்லை. "ரெஜிஸ்டர் ஆபீசுக்கு. ஜோயல் அண்ணாகூட." சொல்லிவிட்டு ஷூ லேஸைக்கூடக் கழற்றினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அடிக்கவில்லை, கத்தவில்லை. அங்கே வாசலில், மாலையோடு நின்றவளைப் பார்த்து, சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள், டைப் அடிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும்படி, "எனக்கு ஒரே பொண்ணு. அவ வீட்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சித்தி சொல்லித்தான் இது தெரியும். ஒரே பொண்ணு. அந்த ஒரே பொண்ணாக இரண்டரை வருஷம் இருந்து பார்த்துவிட்டாள், அதைவிடக் கொடுமை ஒன்றும் இல்லை. அமுதா தூரத்தில்கூட இல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் ஸ்டாப். இவள் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, நாய்க்குட்டி படம், பரிட்சையில் பெயில் ஆன செய்தி, எல்லாவற்றையும் பார்ப்பாள். ஒன்றுக்கும் பதில் வராது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட தார் மாதிரி இவளும் போட்டுக்கொண்டே இருந்தாள், அடியில் இருப்பதைத் தொடாமல். நேற்றுதான் முதல் தடவையாக அதைச் சுரண்டினாள். 'வீட்டத் தூக்குறாங்க. நாளைக்குக் கடைசி, நான்தான் உள்ள உக்காந்து தூக்குக் குண்டப் பாக்கணும். அப்பா டூட்டி, ஆறு மணிக்குத்தான் வருவார். மூணு மணிக்கு வா. அன்னைக்கு நான் சொன்னதுக்கு சாரி. தெரியாதுன்னு சொல்லத் தெரியல.' ராத்திரி பத்து நாற்பதுக்கு நீல டிக் இரண்டும் விழுந்தன, படித்துவிட்டாள். பதில் இல்லை. ஃபோன் இப்போது சமையலறை ஷெல்ஃபில், காலையில் வைத்தது, அதுவும் வீட்டோடு ஏறிக்கொண்டிருக்கிறது. மணி என்ன. மூன்று ஆகியிருக்குமா. பழைய பேப்பர்காரனின் ஸ்பீக்கர் இரண்டே முக்காலுக்கு வரும், அது போயிற்று. வராவிட்டால் என்ன. வராவிட்டால் நாளைக்கு மண் கொட்டுவார்கள், இந்தத் தரை புதையும், அமுதா தாயக் கட்டம் செதுக்கிய மூலை புதையும், வீடு புதுசாக நிற்கும், புது வீட்டில் ஒரே பொண்ணு. குண்டு. நடுவில்தான்.

விசில். நறநற. ஒரு மயிரிழை. அந்த நறநறப்பு அடங்கும்போது சந்தில் ஒரு ஜோடி கால் வந்து நின்றது.

முதலில் அவள் குண்டைத்தான் பார்த்தாள், பயத்தில். பிறகு அதன் பின்னால். நீல ரப்பர் செருப்பு, ஓரத்தில் ஏரிக்கரைச் செம்மண். சேலைக் கரை. கட்டை விரலைவிட நீளமான இரண்டாவது விரல், அது செருப்பின் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுத்தது, அமுதா எதையாவது யோசிக்கும்போது செய்வது. கணுக்கால் வீங்கியிருந்தது. கால்களை அகட்டி வைத்திருந்தாள், கனத்தைச் சுமக்கிறவள் நிற்கிற மாதிரி. அந்தக் காலை வைத்தே சுந்தரவல்லிக்குத் தெரிந்துவிட்டது. ஏழு மாதமாவது இருக்கும். யாரும் சொல்லவில்லை. "அமுதா" என்று கூப்பிட்டாள், எழுந்தாள், நாற்காலி கீச்சிட்டது.

"எந்திரிக்காத சுந்து. குண்டப் பாரு." ரோட்டிலிருந்து அதே குரல். இரண்டரை வருஷம் கழித்து முதல் வார்த்தை, அதுவும் அதட்டல். சுந்தரவல்லி உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிரம்பிக் குண்டு நான்காகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது சந்தின் ஓரத்தில், டிரான்ஸ்பார்மர் கட்டைக்குப் பின்னாலிருந்து, அந்த இன்னொரு ஜோடிக் கால்கள் வெளியே வந்திருந்தன. கறுப்புச் செருப்பு. இடது குதிக்கு டயர் வைத்துத் தைத்தது. தைத்துக்கொண்டு வந்தவளே இவள்தான். பஸ்ஸில் போகிறேன் என்ற அப்பா போகவில்லை. ஆறு நாளும் போகவில்லையோ. காலையிலிருந்து அங்கேயே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், இப்போது வீட்டைப் பார்க்கவில்லை. இரண்டு ஜோடிக் கால்களுக்கும் நடுவே ஆறேழு அடி ரோடு, அவரே கேட்டு வாங்கிய தடிமன். நீலச் செருப்பு அதைப் பார்த்துவிட்டது. ஒரு அடி பின்னால் வைத்தது. கறுப்புச் செருப்பு நகரவில்லை. திருமுருகன் நகரின் அமைதி அப்படியே அங்கே வந்து நின்றது. "ஓரமா போம்மா, வேல நடக்குது, நிக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி, யாரென்று தெரியாமல். நீலச் செருப்பு திரும்பத் தொடங்கியது, ஒரு பாதம் திரும்பிவிட்டது, குதிகால் தெரிந்தது. மேஸ்திரி விசிலை வாயில் வைக்கிற 'ப்பூ' என்கிற சின்ன ஊதல் கேட்டது. இனி கடைசி அங்குலம் முடிகிறவரை விசில் நிற்காது. யாரும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. குண்டு குறியின் நட்டநடுவில், வரைந்து வைத்ததுபோல அசையாமல் நின்றது.

"நிறுத்துங்க" என்று கத்தினாள் சுந்தரவல்லி. "குண்டு விலகிருச்சு."

நூற்றுப் பன்னிரண்டு ஜாக்கியும் திரும்பாமல் அப்படியே நின்றன. மேஸ்திரி ரோட்டிலிருந்து வாசலுக்குப் போட்டிருந்த பலகைமேல் தடதடவென்று ஓடிவந்து, வாசக்காலில் குனிந்து, முக்காலியில் கால் வைத்து உள்ளே குதித்தார். குண்டைப் பார்த்தார். மண்டியிட்டு நூலைப் பார்த்தார். குறியைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிற முகத்தைப் பார்த்தார், அது பார்க்கிற திசையில் சந்தைப் பார்த்தார், இரண்டு ஜோடிக் கால்களையும் பார்த்தார். முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர், வீடு தூக்குகிறவர். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"எவ்ளோ விலகிச்சுன்ற?"

"ஒரு நூல்."

"ம். ஒரு நூலு ஆவும்" என்றார். வெளியே பார்த்து, "எல்லாரும் கை எடுங்கப்பா. பத்து நிமிஷம். போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே ஏறிப் போனார், பலகையின் மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டே.

ஆட்களின் கால்கள் சந்தைக் கடந்து டீக்கடைப் பக்கம் போயின. ஷூ, வெறுங்கால், பப்லுவின் கிழிந்த கான்வாஸ். அவை எல்லாம் போனபிறகு நான்கு பாதங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. சுந்தரவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், தன் மூச்சுப் பட்டுக் குண்டு நிஜமாகவே ஆடிவிடுமோ என்று. கறுப்புச் செருப்பு ஒரு அடி எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு அடி. பலகையின் ரோட்டு முனைக்கு வந்து, அதை அழுத்தி மிதித்துக்கொண்டு நின்றது, ஆடாமல் இருக்க.

"பலக வழுக்கும்" என்றார் அப்பா, யாரிடம் என்று இல்லாமல். பிறகு, "செருப்பக் கழட்டிட்டு ஏறு. நான் மிதிச்சிட்டு நிக்கிறேன்."

நீலச் செருப்பு இரண்டும் ரோட்டில் தனித்தனியாக, ஒன்று நேராகவும் ஒன்று திரும்பியும் கிடந்தன.